சாரணனின் முதற்படி

சாரணன் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, சுதந்திர தின விழாவில் கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு குடிதண்ணீர்ப் பானைக்கு அருகில் விறைப்பாக நிற்கும் ஒரு சிறுவன்தான். நானும் அப்படி நின்றவன். காக்கிச் சட்டையும் விசிலும் எனக்குப் பிடித்திருந்தன; அவற்றைவிடச் சட்டைக் கையில் தைத்துக்கொள்ளும் சின்னம் பிடித்திருந்தது. அந்தச் சின்னத்தை நான் இரண்டு முறை பெற்றேன். முதல் முறை துணியாக. இரண்டாம் முறை துணி ஏதும் இல்லாமல். இக்கட்டுரை அதைப் பற்றியது.

பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் சேருகிறவன் முதலில் 'பிரவேஷ்' என்னும் நுழைவுத் தேர்வில் தேறி, உறுதிமொழி எடுத்துக்கொள்கிறான். அதற்கடுத்து 'பிரதம சோபான்'. சோபானம் என்றால் படி என்பது நாமறிந்ததே. ஆகவே இது முதற்படி. பின்னர் துவிதிய சோபான், திருதிய சோபான், ராஜ்ய புரஸ்கார் என்று ஏறி, உச்சியில் குடியரசுத் தலைவர் விருது வரை செல்லலாம். உச்சியைப் பற்றி எழுதத் தகுதியுள்ள நண்பர்கள் நம் கல்லூரியிலேயே இருக்கக்கூடும். எனக்குத் தெரிந்தது முதற்படிதான்.

இப்படிகளின் மூலத்தைத் தேடினால் பேடன் பவலிடம் போய் நிற்போம். 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய பிரவுன்சி என்னும் சிறு தீவில் இருபது பையன்கள் அளவில் கூட்டிச் சென்று அவர் ஒரு முகாம் நடத்தினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் கலந்திருந்தனர். ஓநாய், காளை, காக்கை, குர்லியூ என்னும் கடற்கரைப் பறவை ஆகிய பெயர்களில் நான்கு அணிகள். ஒவ்வோர் அணிக்கும் ஒரு பையனே தலைவன். மறு ஆண்டு வெளிவந்த அவருடைய நூலின் வழியே இயக்கம் பரவியது. ஆரம்ப காலத்து இரண்டாம் வகுப்புச் சாரணனுக்கு அவர் வைத்த தேர்வைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. இரண்டே தீக்குச்சிகளுக்குள் அடுப்பு மூட்ட வேண்டும். கால் பவுண்டு இறைச்சியும் இரண்டு உருளைக்கிழங்கும் சமைத்துக் காட்ட வேண்டும். ஓட்டமும் நடையுமாக ஒரு மைலைப் பன்னிரண்டு நிமிடத்தில் கடக்க வேண்டும். பட்டணத்துப் பையனானால், ஒரு கடையின் கண்ணாடி அலமாரியை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, அதில் இருந்தவற்றைச் சொல்ல வேண்டும். சேமிப்பு வங்கியில் ஆறு பென்சாவது இருக்க வேண்டும்! இவற்றில் எதையும் மனப்பாடம் செய்து தேற முடியாது என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

நம் நாட்டுக் கதையையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன், அதில் சென்னைக்குப் பங்கு உண்டு என்பதால். இங்கே 1909-லேயே சாரணர் படை தொடங்கிவிட்டது என்றாலும், தொடக்கத்தில் அது ஐரோப்பியர், ஆங்கிலோ-இந்தியர் பிள்ளைகளுக்கே உரியதாக இருந்தது. இந்தியப் பையன்களுக்குக் கதவு திறக்காதபோது, 1916-இல் அன்னி பெசன்ட் அம்மையாரும் அருண்டேலும் சென்னையில் தனியாக ஒரு சாரணர் சங்கத்தை நிறுவினர். 1921-இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது அச்சங்கம் தாய் இயக்கத்துடன் இணைந்தது. விடுதலைக்குப் பின் பல சங்கங்களும் ஒன்றாகி 1950 நவம்பர் 7-இல் இன்றைய அமைப்பு உருவாயிற்று.

இனி என் கதை.

நான் படித்த பள்ளியில் ஒரு முடிச்சுப் பலகை இருந்தது. வார்னிஷ் பூசிய மரப் பலகையில், வெள்ளைக் கயிற்றில் போட்ட முடிச்சுகளை வரிசையாக ஆணியடித்து, ஒவ்வொன்றின் கீழும் பெயர் எழுதியிருந்தது. ரீஃப் முடிச்சு, ஷீட் பெண்ட், கிளோவ் ஹிட்ச், ஷீப் ஷாங்க், மீனவர் முடிச்சு, ஆறாவதாகப் போலைன். எங்கள் சாரண ஆசிரியர் நல்லவர். ஆனால் கணக்கு வகுப்புகள், தேர்வு வேலை, எண்பது பையன்கள் எல்லாம் அவர் ஒருவர் தலையில். மாவட்டத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்று செய்தி வந்ததும், எங்களை வரிசையாக நிறுத்திப் பெயரை மறைத்துவிட்டு, "இது என்ன? இது என்ன?" என்று பலகையைக் காட்டிக் கேட்டார். நான் ஆறையும் சொன்னேன். என் பெயருக்கு நேரே ஆறு 'டிக்' விழுந்தது. பதிவேட்டில் முதலுதவி, ஊதல் குறிகள், தடக்குறிகள் எல்லாவற்றையும் முன்னால் அமர்ந்திருந்தவனைப் பார்த்துப் படியெடுத்தேன். அவனும் யாரையோ பார்த்துத்தான் எழுதியிருந்தான். ஒரு வாரத்தில் சின்னம் வந்தது. அம்மா சட்டையில் தைத்துக் கொடுத்தார்.

2019-ஆம் ஆண்டு கோடை விடுமுறை. எங்கள் ஊரில் மேலத்தெருப் பாட்டியின் வெள்ளாடு, கைப்பிடிச் சுவர் இடிந்த ஒரு கிணற்றில் விழுந்துவிட்டது. முழங்காலளவு தண்ணீர்தான், ஆனால் முப்பது அடி ஆழம். ஆடு சினையாக இருந்தது. பொழுது சாய்கிற நேரம். கூட்டம் கூடிற்று, ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். என் சித்தப்பா என்னைப் பார்த்து, "நீதான் ஸ்கவுட்டாச்சேடா, இறங்கிக் கயிறு கட்டு" என்றார். எனக்கு அப்போது உண்டான பெருமையை இன்று நினைத்தால் உடல் கூசுகிறது.

கிணற்றுச் சுவரில் பதித்த படிக்கல்லில் கால் வைத்து இறங்கினேன். ஆட்டின் வயிற்றைச் சுற்றித் தாம்புக் கயிற்றை விட்டு, பலகையில் பார்த்த ஆறாவது முடிச்சை நினைவில் கொண்டுவந்தேன். படம் நன்றாகவே நினைவுக்கு வந்தது. ஒரு வளையம், அதற்குள் ஒரு கயிறு, சுற்றி ஒரு கயிறு. கைதான் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றது. ஏதோ ஒன்றைப் போட்டேன், இழுத்துப் பார்த்தேன், நின்றது. "இழுங்க!" என்று குரல் கொடுத்தேன்.

ஓர் ஆள் உயரம் மேலே போயிருக்கும். ஆடு கத்திய கத்தலை எழுத்தில் எழுத இயலாது. மேலேயிருந்து ஒரு குரல்: "ஏய், நிறுத்துங்கப்பா! அது உருவாஞ்சுருக்கு! இறக்கு, மெல்ல இறக்கு!" ஊரில் கிணறு வெட்டும் வேலை செய்து ஓய்ந்திருந்த ஒரு தாத்தா. எழுபது வயதிருக்கும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே இறங்கினார். ஆட்டின் வயிற்றில் இறுகியிருந்த என் சுருக்கை அவிழ்த்தார். முன்கால்களுக்குப் பின்னே மார்பைச் சுற்றி ஒரு கயிறும், பின்தொடைகளைத் தாங்கி ஒரு கயிறும் கொடுத்தார். முடிச்சுப் போட்டது கண்ணில் படவேயில்லை; மணிக்கட்டு ஒரு தரம் திரும்பியது, அவ்வளவுதான். ஆடு பதறாமல் மேலே போயிற்று.

மேலே வந்து அந்த முடிச்சைக் கிட்டப் பார்த்தேன். பலகையிலிருந்த ஆறாவது முடிச்சு! "இதுக்கு என்ன பேர் தாத்தா?" என்று கேட்டேன். "பேரா? ஆள் இறங்குற முடிச்சு" என்றார்.

மூன்றாம் நாள் அந்த ஆட்டுக்குச் சினை கலைந்தது. விழுந்த அடியில் கலைந்ததா, என் சுருக்கு இறுகியதில் கலைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. பாட்டி என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. சாரண விதிகள் ஒன்பதில் ஐந்தாவது, சாரணன் விலங்குகளுக்கு நண்பன், இயற்கையை நேசிப்பவன் என்பது. அதையும் நான் நுழைவுத் தேர்வில் வரிசை பிசகாமல் ஒப்பித்திருந்தேன்.

2022-இல் இக்கல்லூரியில் சேர்ந்தபோது ரோவர் குழுவுக்குப் பெயர் கொடுத்தேன். எங்களுக்குப் பொறுப்பாயிருந்த பேராசிரியரிடம், "ஐயா, நான் பிரதம சோபானை முதலிலிருந்து படிக்கலாமா?" என்று கேட்டேன். அது பள்ளிப் பையன்களுக்கானது அல்லவா என்று அவர் வியந்தார். கிணற்றுச் சங்கதியைச் சொன்னேன். அவர் எழுந்து போய் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு கயிற்றுத் துண்டைக் கொண்டு வந்து மேசை மேல் போட்டு, "பெயரைச் சொல்லாதே, போட்டுக் காட்டு" என்றார். அன்று என்னால் ஒன்றே ஒன்றுதான் போட முடிந்தது, அதுவும் தவறு.

அந்தத் தவற்றிலிருந்தே தொடங்குகிறேன். ரீஃப் முடிச்சு என்பது, வலது நுனியை இடது மேல் போட்டு ஒரு முறுக்கு, பிறகு இடதை வலது மேல் போட்டு ஒரு முறுக்கு. இரண்டாம் தரமும் பழக்கத்தில் வலதையே மேலே போட்டால், அது பாட்டி முடிச்சு என்று ஆங்கிலேயர் கேலி பேசும் முடிச்சாகிவிடும். இரண்டையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறியலாம். சரியான முடிச்சில் ஒவ்வொரு நுனியும் தன் தாய்க் கயிற்றோடு ஒட்டிப் படுத்திருக்கும். தவறானதில் நுனிகள் குறுக்கே துருத்திக்கொண்டு நிற்கும். பாயில் காற்று மிகும்போது பாயைச் சுருக்கிக் கட்ட மாலுமிகள் போட்ட முடிச்சு இது. தட்டையாகப் படியும், எளிதில் அவிழும். கட்டுத்துணிக்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் இரண்டு கயிறுகளை இணைத்து அதில் ஆளையோ பாரத்தையோ தொங்கவிடக் கூடாது. ஒரு நுனியைத் திருப்பி வெடுக்கென்று இழுத்தால் முடிச்சு உருண்டு கழன்றுவிடும். எதற்கு ஆகும் என்பதோடு எதற்கு ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்லாத பாடம் அரைப் பாடம் என்பது என் கருத்து.

தடிப்பு வேறுபட்ட இரு கயிறுகளை இணைக்க ஷீட் பெண்ட். தடித்த கயிற்றை மடித்துப் பிடித்து, மெல்லியதை அந்த மடிப்புக்குள் கீழிருந்து நுழைத்து, மடிப்பின் கழுத்தைப் பின்புறமாகச் சுற்றி, தன் கீழாகவே செருகிவிட வேண்டும். இதே அமைப்பில்தான் நெசவாளர் அறுந்த இழையை முடிகிறார். தறியில் அமர்ந்திருப்பவர் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவதைச் சாரணப் பையன் ஐந்து நிமிடம் முனகிக்கொண்டு செய்கிறான்! கம்பத்தில் கட்டத் தொடங்க கிளோவ் ஹிட்ச். நீளக் கயிற்றை வெட்டாமல் சுருக்கவும், நைந்துபோன இடத்தில் இழுவை விழாமல் காக்கவும் ஷீப் ஷாங்க். பின்னது இழுவை தளர்ந்தால் தானே அவிழ்ந்துவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இப்போது ஆறாவது. போலைனின் குணம், அது தரும் கண்ணி இறுகுவதுமில்லை, விரிவதுமில்லை. உருவாஞ்சுருக்கு இழுக்க இழுக்க இறுகும். ஆகையால் உயிருள்ளதை அதில் கட்டித் தூக்குவது கொலைக்குச் சமம். போலைன் போட, பாரத்தை இழுக்கும் பக்கத்துக் கயிற்றை இடக்கையில் பிடித்து அதில் ஒரு சிறு வளையம் செய்ய வேண்டும். வளையத்தில் நுனிப்பக்கம் மேலே வர வேண்டும். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். அடுத்து நுனியை வளையத்துக்குள் கீழிருந்து மேலாக விட்டு, இழுவைக் கயிற்றின் பின்புறமாகச் சுற்றி, வந்த வளையத்துக்குள்ளேயே மேலிருந்து கீழாக இறக்கி இறுக்க வேண்டும். ஆங்கிலப் புத்தகங்களில் முயல் ஒன்று வளையிலிருந்து வந்து மரத்தைச் சுற்றிவிட்டு மீண்டும் வளைக்குள் போகும் என்று குழந்தைகளுக்குச் சொல்வார்கள். எங்கள் பையன்களுக்கு முயலை எலியாக்கிவிட்டேன். வரப்பில் எலி வளையைப் பார்த்தவர்கள் அவர்கள்; சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். வளையத்தை மாற்றிப் போட்டால் எலிக்கு வீடில்லை, முடிச்சு அவிழ்ந்துவிடும். தேங்காய்நார்க் கயிறு சொரசொரப்பானது, முடிச்சைப் பிடித்துக்கொள்ளும். நைலான் வழுக்கும், முடிச்சுக்கு வெளியே நுனியை ஒரு சாணாவது விட்டு, அதையும் கட்டிவைப்பது நல்லது. பள்ளிப் பலகையில் எல்லா முடிச்சும் பருத்திக் கயிற்றில் இருந்தது. கிணற்றடியில் எந்தக் கயிறு கிடைக்கும் என்று யார் கண்டது?

முடிச்சுக்கும் முதலுதவிக்கும் உள்ள உறவு எனக்கு வெகு தாமதமாகவே விளங்கியது. ஒரு மீட்டர் சதுரத் துணியை மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு முக்கோணக் கட்டுத்துணிகள் கிடைக்கும். கை எலும்பு முறிந்தவனுக்கு அதைத் தொட்டிலாகக் கட்டித் தோளில் முடிச்சிடும்போது, ரீஃப் முடிச்சு தட்டையாகப் படிவதால் எலும்பில் உறுத்தாது. சாரணன் கழுத்தில் கட்டும் ஸ்கார்ஃப் முக்கோணமாக இருப்பதில் இந்தப் பயனும் உண்டு. அலங்காரம் என்றே நான் எண்ணியிருந்தேன்.

என் பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். "பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே இறுகக் கட்டுக" என்று சிவப்பு மையில் அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன்! யாரைப் பார்த்து எழுதினேனோ, அவனுக்கு முன்னால் இருந்தவனோ, எங்கோ ஒரு பழைய புத்தகத்திலிருந்து வந்திருக்க வேண்டும். இன்றைய மருத்துவம் இதற்கு நேர்மாறானதைச் சொல்கிறது. இறுகக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாய் வைத்து உறிஞ்சக் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, மோதிரம் வளையல் இருந்தால் கழற்றி, 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு விரைந்து கொண்டு செல்ல வேண்டும். அது போலவே தீப்புண்ணுக்கு மை, பற்பசை, நெய் எதுவும் வேண்டாம். ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் காட்டினால் போதும். இரத்தம் பெருகினால் சுத்தமான துணியை வைத்து நேரே அழுத்திப் பிடிக்க வேண்டும். எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. பொறுமையில்லாதவருக்கு இதுதான் மிகக் கடினம்.

மற்றவற்றை விரைவாகச் சொல்கிறேன். ஒரு நீண்ட ஊதல் என்றால் 'அமைதி, கவனி'. குறுகிய ஊதல்கள் அடுத்தடுத்து வந்தால் 'கூடு'. நீண்ட ஊதல்கள் மெல்ல மெல்ல வந்தால் 'கலைந்து செல்'. குறிலும் நெடிலும் மாறி மாறி வந்தால் அபாயம். தடக்குறிகளில் அம்புக்குறி போகும் வழி, பெருக்கல் குறி போகக் கூடாத வழி. வட்டத்துக்குள் ஒரு புள்ளி என்றால் 'வீட்டுக்குப் போய்விட்டேன்' என்று பொருள். 1941-இல் மறைந்த பேடன் பவலின் கல்லறைக் கல்லில், கென்யாவின் நியேரி நகரில், இந்தக் குறிதான் செதுக்கப்பட்டிருக்கிறது. பையன்கள் இதைக் கேட்டதும் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார்கள். பிறகு ஒருவன் மணலில் வட்டம் போட்டுப் புள்ளி வைத்துவிட்டு, உண்மையிலேயே வீட்டுக்குப் போய்விட்டான்.

எந்தப் பையன்கள் என்று கேட்பீர்கள். ரோவர்களின் குறிக்கோள் சேவை. அதன்படி நம் கல்லூரிக்கு அருகிலுள்ள பள்ளியில் சனிக்கிழமை தோறும் பதினான்கு பையன்களுக்குப் பிரதம சோபான் பாடங்களைச் சொல்லிக் கொடுத்து வருகிறோம். அங்கே பலகை கிடையாது. வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவன் நான்தான். தேர்வு வைப்பது இப்படி: முதல் நாள் மேசை மேல் போட்டுக் காட்ட வேண்டும். அடுத்த வாரம் முதுகுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு. அதற்கடுத்து ஈரமான நார்க்கயிற்றில், கண்ணைக் கட்டிக்கொண்டு. கடைசியில் ஒரு சாக்கில் பத்துச் செங்கல்லைப் போட்டு வேப்பங்கிளையில் தூக்கி இறக்க வேண்டும். கண்ணி சாக்கை இறுக்கினால் தேர்வில்லை, மறுபடியும் முதலிலிருந்து. சிலர் இதைக் கொடுமை என்கிறார்கள். ஒரு பேராசிரியர்கூட, "பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இவ்வளவு வேண்டுமா தம்பி?" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. இரண்டு பையன்கள் வராமல் நின்றுவிட்டதும் உண்டு. வீடு தேடிப் போய் அழைத்து வந்தோம். ஆகவே இப்போது கண்கட்டை மட்டும் எடுத்துவிட்டேன். செங்கலை எடுக்க மனம் வரவில்லை.

ஏழாம் தடவையில் தேறிய ஒரு பையன், கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "அண்ணா, நீங்க எத்தனாவது தடவையில தேறினீங்க?" என்று கேட்டான். "முதல் தடவையிலேயே" என்றேன். அவன் என்னை மிகுந்த மரியாதையுடன் பார்த்தான். அடுத்த சனிக்கிழமை பதினான்கு பேரையும் உட்காரவைத்து, ஆட்டின் கதையை முழுவதும் சொல்ல வேண்டியதாயிற்று.

இதுவரை ஒன்பது பேர் தேறியிருக்கிறார்கள். ஐந்து பேர் பாக்கி. அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கை பிடித்துக் காட்ட, விடுதி நண்பர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தால் நலம். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கல்லூரி வாயிலிலிருந்து புறப்படுகிறோம். முடிச்சு தெரிந்திருக்க வேண்டியதில்லை. கயிறு எங்களிடம் இருக்கிறது.